வேதாரண்யத்தில் புது ஒற்றைத் தள வீடு: வாங்கலாமா, வேண்டாமா?

ஈரோட்டான்
எல்லோருக்கும் வணக்கம். மனைவியின் ஊர் தேத்தாகுடி. மாமனார், மாமியார் இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. எனக்கும் இன்னும் சில வருஷத்தில் மில் வேலை முடிகிறது. வேதாரண்யம் டவுனுக்குத் தெற்கே, அகஸ்தியம்பள்ளி போகிற பக்கம், ஒரு புரமோட்டர் வரிசையாக 12 தனி வீடு கட்டியிருக்கிறார். ஒவ்வொன்றும் 4 சென்ட் மனை, 1,050 சதுர அடி, இரண்டு படுக்கையறை, தரைத்தளம் மட்டும். 41 லட்சம் சொல்கிறார், பேசினால் கொஞ்சம் இறங்குவார். கடல் இரண்டு கிலோமீட்டர். பெரியவர்கள் படி ஏற வேண்டாம், அதுதான் முக்கியம். மனைவிக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. டோக்கன் ஒரு லட்சம் கேட்கிறார். எங்கள் பக்கம் கடலோர ஊரில் வீடு வாங்கியவர் யாரும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாடகைவாசி
வாங்காதீர்கள். வேதாரண்யத்தில் 41 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை நாளைக்கு அவசரமென்று விற்கப் போனால் யார் வாங்குவார்? ஈரோட்டில் அந்தப் பணத்துக்கு வாங்கினால் ஒரு மாதத்தில் கைமாற்றலாம். அங்கே வருஷக்கணக்கில் போர்டு தொங்கும். பத்திரச் செலவே முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அந்தப் பணத்தை பேங்கில் போட்டு, வருகிற வட்டியில் பாதியைக் கொடுத்தால் அதே ஊரில் நல்ல வீடு வாடகைக்குக் கிடைக்கும். பிடிக்கவில்லையா, காலி செய்துவிட்டு வந்துவிடலாம்.

மறைக்காட்டான்
வாடகைவாசி அண்ணே, எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்திருக்கிறீர்களா? வாத்தியார், பேங்க்காரர், கோர்ட் ஊழியர் எல்லோரும் போட்டி போடுகிற பத்துப் பதினைந்து வீடுதான் எப்போதும் சுற்றிச் சுற்றி வரும். அதுவும் மாடி போர்ஷன். எழுபது வயசு மாமியாரை மாடி ஏற்றுவாரா அவர்? விற்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் குடியிருக்கத்தானே கேட்கிறார்.

ஈரோட்டான் சார், தைரியமாக வாங்குங்கள். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை அகல ரயில்பாதையும் வந்துவிட்டது. காற்று சுத்தம், மீன் சுத்தம். உங்கள் மாமனாருக்கு அது போதும்.

சிவில்காரன்
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "கட்டி முடித்து, பெயின்ட் அடித்த" வீட்டை வேண்டாம் என்கிறேன். காலி மனை வாங்கி நீங்களே கட்டுங்கள்.

கடலோரத்தில் வீட்டைச் சாப்பிடுவது அலை இல்லை, உப்பு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி நல்ல நிலையில் துருப் பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை அதைக் காப்பாற்றும். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே போய்ச் சேர்ந்தால் அந்தக் காப்பு உடையும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அது உள்ளிருந்து நெம்பும், காரை பெயர்ந்து விழும். குளோரைடு இரண்டு வழியில் வரும். ஒன்று காற்றில். அது மெதுவாகத்தான் வரும். இன்னொன்று கட்டும்போதே கலவைத் தண்ணீரிலும் மணலிலும். அந்த வழியில் வந்தால் புது வீடு என்பதே பெயருக்குத்தான்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது? கடலோரக் காற்று நேராகப் படும் கான்கிரீட் என்றால் குறைந்தது எம்30 தரம் (எண் கூடினால் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட். ஓரளவு மறைவான இடம் என்றால் எம்25, 30 மில்லிமீட்டர். கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நம் ஊரில் மேஸ்திரி போடுவது சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3, அதாவது எம்20. தளத்துக்குக் கவர் கட்டை 20 மி.மீ. வைத்தாலே பெரிய விஷயம். பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த பிறகு இதில் எதை உங்கள் கண்ணால் பார்ப்பீர்கள்?

அப்புறம், கடல் இரண்டு கிலோமீட்டர் என்று அளந்தீர்கள். உப்பளம் எவ்வளவு தூரம் என்று அளந்தீர்களா? 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் சார் அது. உப்புக்குப் பஞ்சமே இல்லை.

மறைக்காட்டான்
சிவில்காரன் சார், புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி வெளியூர்க்காரரைப் பயமுறுத்தாதீர்கள். எங்கள் அப்பா 1996-இல் கட்டிய வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறோம். எம்30 எல்லாம் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. கஜா புயலில் ஒரு கீறல் விழவில்லை. 2018 நவம்பர் 16, நள்ளிரவுக்கு மேல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. தெருவில் ஓட்டு வீட்டு ஓடெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி பறந்தது. அக்கம்பக்கத்து ஜனம் முழுக்க எங்கள் வீட்டு ஹாலில்தான் விடிகிற வரை உட்கார்ந்திருந்தது. தென்னையும் மாவும் ஒன்றுகூட நிற்கவில்லை, வீடு நின்றது.

சிவில்காரன்
காற்றுக்கு நின்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல கான்கிரீட் தளம் எந்தப் புயலுக்கும் நிற்கும். நான் கேட்பது வேறு. உங்கள் அப்பா எந்த மணலில் கட்டினார், எந்தத் தண்ணீரில்?

மறைக்காட்டான்
ஆற்று மணல், லாரியில் வந்தது. தண்ணீர் எங்கள் கிணறு. மணல்மேட்டுக் கிணறு, பத்துப் பன்னிரண்டு அடியில் இளநீர் போல இருக்கும்.

சிவில்காரன்
அவ்வளவுதான் விஷயம். சொந்த வீடு என்று உங்கள் அப்பா நல்ல தண்ணீரில் கட்டினார். மணல்மேட்டில் மழைநீர் மேலாக மிதக்கும், அது நல்ல தண்ணீர். அதற்கும் கீழே போர் இறக்கினால் உப்பு. 12 வீட்டை ஒரே சமயத்தில் கட்டுகிறவர் போர் போட்டாரா, டேங்கர் வாங்கினாரா? ஈரோட்டான் சார் அதைக் கேட்கட்டும்.

செம்போடை மல்லிகை
அண்ணன்மார் இருவரும் கான்கிரீட்டிலேயே நிற்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள், என் அம்மா இப்போதும் அங்கே ஒற்றைத் தள வீட்டில்தான் இருக்கிறார். குடியிருக்கிறவர் பார்வையில் சொல்கிறேன்.

கஜா அன்றைக்கு ராத்திரி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கரண்ட் வராத நாட்கள்தான் கொடுமை. மோட்டார் ஓடாது, மேல்தொட்டி காலி. கொள்ளிடம் கூட்டுக் குடிநீரும் பம்ப் ஓடினால்தான் வரும். எங்கள் தெருவைக் காப்பாற்றியது ஒரு அடிபம்பு. நீங்கள் பார்க்கிற வீட்டில் தரைக்குக் கீழே சம்ப் இருக்கிறதா, அதிலிருந்து கையால் இறைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, தரைத்தளம் மட்டும் என்றால் தண்ணீர் உள்ளே வந்தால் ஒதுங்க மாடி கிடையாது. ஊரே தட்டை. 2004 சுனாமியில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி அளவுக்கு எங்கள் பக்கம் அடிபடவில்லை என்று சொல்லி எல்லோரும் மெத்தனமாக இருக்கிறோம். ரோட்டு மட்டத்திலிருந்து வீட்டுத் தரை எவ்வளவு உயரம்? நாளைக்கு ரோட்டை இன்னொரு முறை உயர்த்திப் போட்டால் மழைத்தண்ணீர் உங்கள் வாசலுக்குத்தான் வரும். மொட்டை மாடிக்கு வெளிப்படி கான்கிரீட்டில் இருக்கிறதா, இல்லை இரும்பு ஏணியை வெல்டு வைத்து முடித்துவிட்டாரா? இரும்பு ஏணி என்றால் வீட்டு விலை பேசும்போதே அதை மாற்றச் சொல்லுங்கள். அங்கே இரும்பு நிற்காது. எங்கள் வீட்டு கேட்டுக் கொண்டியில் வருஷா வருஷம் பெயின்ட் கொப்புளம் கிளம்பும், சுரண்டினால் உள்ளே பிஸ்கட் மாதிரி உதிரும்.

வெயிலையும் யோசியுங்கள். மாடி இல்லாத வீட்டில் எல்லா அறைக்கும் மேலே சூரியன்தான். சூடு இறங்காமல் இருக்க மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும் நான் வாங்குங்கள் என்கிற கட்சிதான். என் அம்மாவை மாடி வீட்டில் நினைத்தே பார்க்க முடியவில்லை.

வாடகைவாசி
அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு யாராவது வாங்குவார்களா? எனக்கு ஆள் சேர்த்துவிட்டீர்கள்.

ஈரோட்டான்
தரை ரோட்டிலிருந்து இரண்டடி இருக்கும். சம்ப் இருக்கிறது, கைபம்பு இல்லை. மாடிக்குப் போக இரும்பு ஏணிதான், அக்கா சொன்னது சரி. புரமோட்டரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் நல்ல தண்ணி சார்" என்றார், அதற்கு மேல் இல்லை. பத்திரத்தில் பிரச்சினை இல்லை, பேங்க் லோன் கொடுக்கிறது என்கிறார். வில்லங்கம் நானே ஆன்லைனில் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது.

பத்திரக்காரர்
இத்தனை பேர் பேசியும் முதலில் கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. நிலம் யாருடையது?

வேதாரண்யேஸ்வரர் கோயிலுக்கு அந்த வட்டாரத்தில் நிலம் ஏராளம். கோயில் மனையில் வீடு கட்டிக்கொண்டு, கோயிலுக்கு வாடகை கட்டி, தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கட்டடம் சொந்தம், மண் சொந்தமில்லை. அறநிலையத்துறைச் சட்டம் 34-ஆவது பிரிவுப்படி அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவுப்படி அப்படிப்பட்ட பத்திரத்தைப் பதிவாளர் பதிய மறுக்க வேண்டும். அதற்கு முன்னால் எப்போதோ பதிந்துவிட்ட பத்திரங்கள் கைமாறிக் கைமாறி வருவதுதான் வம்பு. வில்லங்கத்தில் அது தெரியாது. நீங்கள் கேட்ட காலத்துக்குள் பதிவான பத்திரங்களை மட்டும்தான் அது காட்டும்.

மனையின் சர்வே எண், உட்பிரிவு எண்ணை வைத்து அ-பதிவேட்டை எடுங்கள், ஆன்லைனிலேயே கிடைக்கும். யார் பெயரில், என்ன வகை நிலம் என்று அதில் இருக்கும். தாய்ப்பத்திரம் எந்த வருஷத்தில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பேங்க் லோன் கொடுக்கிறது என்பது ஒரு ஆறுதல், அத்தாட்சி இல்லை. பேங்க் வக்கீல் பார்க்கிற அதே கட்டு பத்திரத்தை உங்கள் வக்கீலும் தனியாகப் பார்க்கட்டும்.

இன்னொன்று. 12 வீடு, 48 சென்ட், அதாவது 1,900 சதுர மீட்டருக்கு மேல். இது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டிய திட்டம். பதிவு எண் கேளுங்கள். பதிவான திட்டம் என்றால், சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் புரமோட்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது.

மறைக்காட்டான்
கோயில் நிலம் விஷயத்தில் பத்திரக்காரர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருவிலேயே பாதி அப்படித்தான். அதற்காக ஊர் முழுக்க அப்படி என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தமான பட்டா மனையும் நிறைய உண்டு.

சிவில்காரன்
பத்திரம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டை உடைக்காமல் சோதிக்க வழி இருக்கிறது. கவர் மீட்டர் என்ற கருவி பூச்சுக்கு மேலிருந்தே கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். பூச்சின் தடிமனைக் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். குளோரைடுக்கு மட்டும் சின்னதாகத் துளை போட்டுத் தூள் எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். விரல் தடிமன் ஓட்டை, மறுபடி பூசிவிடலாம். செலவு டோக்கன் பணத்தில் சின்னப் பங்குதான்.

அதுவும் முடியாது என்றால், இதே புரமோட்டர் ஐந்தாறு வருஷத்துக்கு முன் கட்டிய வீடு எங்கே என்று கேட்டு, அங்கே போய் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முகப்பைப் பார்க்காதீர்கள், அதில் பெயின்ட் அடித்திருப்பார்கள். சன்ஷேடுக்கு அடியில் கம்பி ஓடுகிற கோட்டில் பழுப்பாகக் கசிவு தெரிந்தால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

வாடகைவாசி
லேப், கருவி, வக்கீல். இத்தனைக்கும் பிறகு அந்த வீட்டை நம்பி இன்ஷூரன்ஸ் யார் கொடுப்பார்?

பத்திரக்காரர்
கொடுப்பார்கள். "பாரத் கிருஹ ரக்ஷா" என்று எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனமும் விற்கிற பாலிசி 2021-இலிருந்து இருக்கிறது. புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அதில் அடக்கம். மறுபடி கட்ட ஆகும் செலவுக்குத்தான் போட வேண்டும், மனை விலையைச் சேர்க்கக்கூடாது. ஆனால் துருவுக்கும் தேய்மானத்துக்கும் எந்தப் பாலிசியும் பணம் தராது. அதில் நான் சிவில்காரன் கட்சி.

ஈரோட்டான்
எல்லோருக்கும் நன்றி. புரமோட்டரிடம் பேசினேன். பதிவு எண் "அப்ளை பண்ணியிருக்கு" என்கிறார். இரும்பு ஏணியை எடுத்துவிட்டு கான்கிரீட் படி கட்டித் தருகிறேன், கைபம்பும் வைத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். துளை போட மட்டும் முடியாது, வேறு பார்ட்டி டோக்கனோடு நிற்கிறது என்கிறார்.

வாடகைவாசி
அந்த வேறு பார்ட்டி தமிழ்நாட்டில் எல்லா வீட்டு வாசலிலும் நிற்கிறது சார்.

மறைக்காட்டான்
அவர் முன்னால் கட்டியது தோப்புத்துறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வரும்போது சொல்லுங்கள், நானே கூட்டிப் போகிறேன். சன்ஷேடையும் பார்த்துவிடுவோம், சிவில்காரன் சாருக்குப் போட்டோ எடுத்து இங்கேயே போடுகிறேன். அதற்குள் அந்த அ-பதிவேட்டை எடுத்துவிடுங்கள். டோக்கன் கொடுக்காதீர்கள்.

ஈரோட்டான்
சரி அண்ணே. பதிவு எண் கையில் வந்த பிறகுதான் பணம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாமனாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.