பலாலி பிளேனும் எங்கட காணியும்

எல்லாருக்கும் வணக்கம்,

திருவிழாவுக்குப் போறாக்கள் கொழும்பில இறங்கி பிறகு ராவிரவா வான் வண்டியில முதுகு முறியாமல், சென்னையால நேரா யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போட்டுக்குப் போகலாமோ எண்டு ரொறன்ரோவில இருந்து கேட்டிருந்தியள். தாராளமாப் போகலாம். இண்டிகோ 2024 செப்டெம்பரில சென்னையில இருந்து விடத் தொடங்கினது, 2025 மார்ச் கடைசியில திருச்சியில இருந்தும். ஓடுறது ஏடிஆர், சின்னப் பிளேன், பெட்டியை அளவாக் கட்டுங்கோ. சென்னையில வேற டிக்கெட்டில மாறி ஏறுறதெண்டா வெளிய வந்துதான் திரும்ப உள்ள போகவேணும், அதுக்கு இந்திய விசா தேவை, அதை முதல் பாத்துட்டு காசு கட்டுங்கோ.

யன்னல் பக்கம் சீட் எடுங்கோ. கடல் முடிஞ்ச உடன செம்பாட்டு மண் தெரியும், தோட்டம், பனை, பிறகு திடீரெண்டு ஒரே பத்தை, பத்தைக்குள்ள கூரையில்லாத சுவருகள். அதுக்குள்ள ஆற்றையோ வீடு, எங்கட ஆக்களின்ரயாவும் இருக்கலாம்.

இளசுகள் இது 2019 ஒக்டோபரில திறந்த புது எயார்போட் எண்டு நினைக்கினம். இரண்டாம் உலகப்போருக்கு வெள்ளைக்காரன் போட்ட ஓடுபாதை இது. சண்டை முடிஞ்சு 1947 டிசம்பரில எயர் சிலோன்ட முதல் டகோட்டாப் பிளேன் கொழும்புப் பக்கத்து ரத்மலானையில இருந்து மெட்ராசுக்குப் போகேக்க இங்க இறங்கித்தான் போனது. எங்கட அப்பாமார் காலத்தில கொழும்புக்கும் திருச்சிக்கும் அவ்ரோப் பிளேன் ஓடினது. பிறகு ஆமி, 87இல இந்தியன் ஆமி, 90 ஜூனில நாங்கள் உடுத்த உடுப்போட ஓடினது, அதுகள் உங்களுக்குத் தெரியும். 98இல அங்கயிருந்து கிளம்பின லயன் எயர் பிளேன் கடலுக்குள்ள போனதில 55 பேர் செத்தவை. அம்மா இண்டைக்கும் பலாலிப் பிளேன் எண்டா ஏறமாட்டா.

இனி விசயத்துக்கு வாறன். ஓடுபாதையை நீட்டி பெரிய ஜெட் இறங்கச் செய்யச் சொல்லி எங்கட ஊர்ச் சங்கத்தால மனு குடுப்பம் எண்டு ஒரு டிராஃப்ட் சுத்துது. எனக்கு அதில உடன்பாடில்லை. பிளேன் வேண்டாம் எண்டில்லை, நானும் அதிலதான் போறன். ஆனா எயார்போட்டுக்கு எவ்வளவு காணி தேவை, ஆமிக் காம்ப் எவ்வளவு பிடிச்சு வைச்சிருக்கு எண்டு ஆரும் பிரிச்சுச் சொல்லேல்ல, எதைக் கேட்டாலும் எயார்போட் எண்டு கையைக் காட்டிவிடுவினம். வசாவிளான்-பலாலி ரோட்டைக் கூட 2025 ஏப்ரலிலதான் திறந்தவை, திறக்கேக்க அதுவும் பகலில மட்டும், நடந்து போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது எண்டுதான் விட்டவை. இந்த நிலையில "நீட்டுங்கோ" எண்டு நாங்களே கையெழுத்து வைச்சுக் குடுத்தா, நாளைக்கு அந்தக் கடதாசியைக் காட்டியே மிச்சக் காணியையும் எடுப்பினம். முதல் எல்லையை அளந்து வரைபடம் போடச் சொல்லுவம், தேவையில்லாத காணியை விடச் சொல்லுவம், நீட்டுற கதை பிறகு.

அதுக்கு எங்கட கையில பத்திரம் இருக்கவேணும். காணி உறுதி, சேர்வே பிளான் என்ன இருந்தாலும் வடிவாப் படம் எடுத்து செயலாளருக்கு அனுப்புங்கோ. 90இல உறுதியை விட்டுட்டு வந்தாக்கள், ஊருக்குப் போற நேரம் யாழ்ப்பாணத்தில காணிப் பதிவகத்தில பேரைக் குடுத்துத் தேடிப் பாருங்கோ, பாட்டன்ர பேரும் காணிப் பேரும் தெரிஞ்சிருந்தா கெதியாக் கிடைக்கும்.