குழு இழை: மூளைக்குள் நுழையும் அமினோ அமிலங்களுக்குப் 'புகுபங்கு' என்னும் சொல்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மூளைக்குள் நுழைய ஓர் அமினோ அமிலத்துக்கு, இரத்தத்தில் உள்ள மற்றவற்றோடு ஒப்பிடுகையில், எவ்வளவு வாய்ப்பு உள்ளது என்பதைக் குறிக்க இவ்விழையில் கோவை அன்பர் 'மூளை அமினோ அளவு' என்ற சொல்லை முன்வைத்தார். யாழ்ப்பாணத்து அம்மையார் அதற்கு மாற்றாகப் 'போட்டி விகிதம்' என்பதைப் பரிந்துரைத்தார். சிங்கப்பூரில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவரும் உணவுக் கையேட்டில் இவ்விரண்டையும் இட்டு ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன். முதற்சொல் பொருளையே திசைமாற்றிவிடுகிறது. நாம் பெயரிட முயல்வது மூளையில் உள்ள அளவை அன்று, அந்த அளவை முன்கூட்டியே தீர்மானிக்கும் இரத்த நிலையை. அம்மையாரின் சொல் பொருளை நெருங்குகிறது. ஆனால் எதற்கான போட்டி என்பதைச் சொல்லாமல் விடுகிறது.

டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தை இன்சுலின் மூளைக்குள் தள்ளிவிடுவதாகப் பலர் எழுதிவருகிறார்கள். நடப்பது வேறு. லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய போட்டி அமினோ அமிலங்களைத் தசைகள் பெருமளவில் உள்வாங்கும்படி, மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பின் சுரக்கும் இன்சுலின் செய்வதால், இரத்தத்தில் அவற்றின் அளவு இறங்குகிறது. டிரிப்டோஃபேன் அவ்வளவாக இறங்குவதில்லை; ஏனெனில் அதன் பெரும்பகுதி இரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தில் தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே இன்சுலின் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெளிவருவதை அடக்குவதால், ஆல்புமினில் அவை காலிசெய்த இடங்களிலும் டிரிப்டோஃபேன் அமர்ந்துகொள்கிறது. ஒட்டியிருப்பது தளர்வாகத்தான் என்பதால், மூளையின் நுண்குழாய்களை அடையும்போது அது எளிதில் கழன்று உள்ளே செல்லக்கூடும். அங்கே இரத்த-மூளைத் தடுப்பில் டிரிப்டோஃபேன், லியூசின் முதலிய பெரிய நடுநிலை அமினோ அமிலங்கள் அனைத்தையும் முதன்மையாக ஏற்றிவிடுவது எல்ஏடி1 என்னும் ஒரே புரதம். வழக்கமான இரத்த அளவுகளிலேயே அது ஏறத்தாழ நிறைந்துவிடுவதால், ஒன்று கூடுதலாக ஏற வேண்டுமானால் மற்றவை குறைந்தாக வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் ஃபெர்ன்ஸ்ட்ரோம், வர்ட்மன் என்னும் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது இதைத்தான்: மாவுச்சத்து உணவு மூளையில் டிரிப்டோஃபேனையும் அதிலிருந்து உருவாகும் செரோட்டோனின் என்னும் நரம்புச் செய்திப் பொருளையும் உயர்த்தியது, போட்டியிடும் அமிலங்களை உணவில் சேர்த்தபோது அந்த உயர்வு காணப்படவில்லை.

இங்குள்ள காப்பிக் கடைக் காலைச் சிற்றுண்டியே இதற்குப் போதுமான எடுத்துக்காட்டு. காயா (தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த இனிப்புப் பசை) தடவிய ரொட்டியும் சர்க்கரை போட்ட காப்பியும் மட்டும் என்றால், இரத்தத்தில் டிரிப்டோஃபேனின் நிலை மற்றவற்றோடு ஒப்பிடுகையில் சற்று மேலோங்கலாம். காயாவிலும் முட்டை உண்டு என்று யாரேனும் குறுக்கிடுவார்கள். தடவும் அளவில் அது சொற்பம். தட்டில் இரண்டு அரைவேக்காட்டு முட்டைகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 12 கிராம் புரதம் உள்ளே போகிறது. முட்டைப் புரதத்தில் டிரிப்டோஃபேனைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலாக லியூசின் இருப்பதால், டிரிப்டோஃபேனை உண்டும் அதன் நுழைவு வாய்ப்பு கூடாமல் போகிறது. 'அளவு' என்ற சொல்லால் இந்த முரணை எழுதவே இயலாது.

ஆகவே 'புகுபங்கு' என்பதை முன்மொழிகிறேன்: ஒரே ஏற்றுப் புரதத்துக்காகப் போட்டியிடும் அமிலங்களுக்கிடையே, இரத்தத்தில் ஓர் அமிலத்துக்கு உள்ள பங்கு. 'புகுமுக வகுப்பு' இங்குள்ள பெற்றோருக்குத் தெரிந்த தொடர்; கணக்கில் நுழைவதைக் (login) குறிக்கும் 'புகுபதிகை' இணையத் தமிழர்க்குப் பழகியது. இச்சொல் டிரிப்டோஃபேனோடு நின்றுவிடவும் இல்லை. பார்க்கின்சன் நோயாளிக்கு, "புரதம் மிகுந்த உணவுடன் லெவோடோபாவை உட்கொண்டால் அம்மருந்தின் புகுபங்கு குறையும்" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். லெவோடோபாவும் அதே புரதத்தின் வழியாகவே மூளைக்குள் செல்கிறது. பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவி நோயில் பினைல் அலனின் என்னும் அமினோ அமிலம் அளவுக்கு மீறி உயர்வதால் டைரோசின், டிரிப்டோஃபேன் முதலியவற்றின் புகுபங்கு சுருங்குகிறது என்பதும் தடையின்றி அமைகிறது.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். ஆய்வாளர்கள் கணக்கிடுவது டிரிப்டோஃபேனை மற்ற அமிலங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் விகிதத்தை. 'பங்கு' என்றாலோ தன்னையும் சேர்த்த மொத்தத்தில் ஒரு பகுதி. மறுப்பு சரியானதே. ஆயினும், ஏற்றுப் புரதத்தை யார் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது பங்கைத்தான் ஒத்திருக்கிறது. விகிதம் என்பது அதை அளக்க எளிய கருவி. எண் தரும் இடங்களில் 'புகுபங்கு விகிதம்' என எழுதிக்கொள்ளலாம்.

'ஏற்றுப் புரதம்' என்று எழுதியதையும் கவனித்திருப்பீர்கள். 'கடத்தி' எனச் சிலர் எழுதுகிறார்கள். பள்ளி இயற்பியலில் அது மின்சாரத்தைச் சேர்ந்துவிட்டதால் தவிர்த்தேன். அதைத் தனி இழையில் பேசுவது நல்லது. இப்போதைக்கு, வேறு சொல் கருதுவோர் மேலே உள்ள லெவோடோபா வாக்கியத்தையும் முட்டை பற்றிய பத்தியையும் தங்கள் சொல்லால் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து