புதுப்பிப்பு: லங்காஸ்டர் ஆமிஷ் பகுதியில் கார் குழுவோடு நிற்பது

பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபரில் நடக்கும் பழங்கார் சந்திப்புக்குப் போகிறவர்கள் வழியில் லங்காஸ்டரில் (கார் ஓட்டாமல் குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் வாழும் பகுதி) நிற்க ஏற்ற சாலைகளை முன்பு எழுதியிருந்தேன். அதில் விடுபட்டவை இவை.

எந்த நாளில் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஞாயிறன்று ஆமிஷ் கடைகள் எல்லாம் மூடியிருக்கும். வழிபாட்டுக்குப் போகும் குதிரை வண்டிகள்தான் சாலை நிறைய. சனிக்கிழமை நல்லது.

340ஆம் சாலையில் மேடு ஏறி இறங்கும் இடங்களில்தான் ஆபத்து. மணிக்கு 55 மைலில் வரும் கார், 8 மைலில் போகும் வண்டியை 150 மீட்டர் தள்ளிப் பார்த்தாலும் ஏழே நொடியில் முட்டிவிடும். குதிரை வண்டியின் பின்புறம் மாட்டியிருக்கும் ஆரஞ்சு முக்கோணத்தை (மெதுவாகப் போகும் வண்டி என்பதற்கான அடையாளம்) கண்டதும் பிரேக்கில் கால் வையுங்கள். முந்தும்போது ஹாரனும் வேண்டாம், எக்ஸாஸ்ட் உறுமலும் வேண்டாம். குதிரை மிரண்டால் வண்டி உங்கள் பக்கமே திரும்பலாம். நான்கைந்து கார்கள் ஒட்டிக்கொண்டு போனால் முந்தியவர் மீண்டும் உள்ளே வர இடமிருக்காது. இதைப் பலர் யோசிப்பதில்லை.

குதிரைச் சாணம் சக்கர வளைவுக்குள் காய்ந்தால் கல்தான். அன்றைக்கே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மேலே கூரை போட்ட பழைய மரப் பாலங்கள் பல ஒற்றை வழி; டிரெய்லர் இழுப்பவர்கள் உயர, எடைப் பலகையைப் பார்க்காமல் நுழையாதீர்கள்.

காரைப் பார்க்க வரும் ஆமிஷ் பையன்களிடம் தாராளமாகப் பேசலாம். முகத்தைப் படம் எடுக்க மட்டும் வேண்டாம்.