புதுப்பிப்பு: அம்மாவின் கண்புரை, கீறல் எந்தப் பக்கம்?

போன வாரம் கேட்டிருந்தேனே, பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கண்ணின் மேல்பக்கம் கீறினார்கள், அம்மாவுக்கு மட்டும் ஏன் நெற்றிப்பொட்டுப் பக்கம் என்று. பெங்களூரு அல்சூரில் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் முடிந்தது. கருவிழியில் எந்த அச்சில் கீறுகிறார்களோ அது கொஞ்சம் தட்டையாகுமாம், குறுக்கே இருக்கும் அச்சில் வளைவு கூடுமாம். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் கிடைமட்ட அச்சில்தான் வளைவு அதிகம், அம்மாவுக்கும் அப்படியே என்பதால், அந்த வளைவைக் குறைக்கத்தான் பக்கவாட்டுக் கீறல். அப்புறம் ஒன்று, படுத்தால் கண் லேசாகச் சுழலும் என்று உட்கார வைத்தே அந்த அச்சுக்கு மையால் குறி போட்டார்கள். 2.2 மில்லிமீட்டர் கீறல்தான், அதனால் அம்மாவின் 1 சிலிண்டர் பவர் (இந்த வளைவு வித்தியாசத்தால் வரும் பார்வைக் குறை) முழுக்கப் போகாது, அதற்கு அந்தக் குறையையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸைக் கண்ணுக்குள் வைக்க வேண்டும். விலையைக் கேட்டு நாங்கள் கண்ணாடியே போதும் என்றுவிட்டோம். இப்போது அம்மா எதிர் மாடியில் காயும் துணியை எண்ணிக்கொண்டிருக்கிறார்.