புதுப்பிப்பு: 32-ஆம் ஓடுபாதை கிடைத்துவிட்டது

விமான சிமுலேட்டரில் வடமேற்குக் காற்று வைத்தும், அதன் கட்டுப்பாட்டுக் கோபுரம் திருவனந்தபுரத்தில் 14-ஆம் ஓடுபாதையையே தருகிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். காற்றை எதிர்த்து இறங்க வேண்டுமே, 32 அல்லவா கிடைக்க வேண்டும்? (32 என்றால் சுமார் 320 பாகை, அதாவது வடமேற்கு நோக்கி இறங்குவது; 14 அதே பாதையில் எதிர்த்திசை.) தவறு என்னுடையது. காற்று போகும் திசையை, 140 பாகை என்று பதித்திருந்தேன்; சிமுலேட்டர் கேட்டதோ காற்று வரும் திசை. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை என்று நம் மொழியும் அப்படித்தானே பெயர் வைத்திருக்கிறது! ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் காற்று வரும் பக்கம்தான் முகம் திருப்பி நிற்கின்றன.

320 என்று மாற்றி மறுபடி தொடங்கினேன், 32 கிடைத்தது. பிறகு மேற்கிலிருந்து 270 பாகை, 12 நாட் (காற்று வேகத்தின் அலகு) வைத்தேன். ஓடுபாதைக்கு 50 பாகை விலகல். எதிர்க்காற்று சுமார் 8 நாட், பக்கக்காற்று 9. அப்போதும் 32தான். இறங்கும்வரை விமானத்தின் மூக்கு இடப்பக்கம், கடலை நோக்கிச் சற்றுத் திரும்பியே வந்தது. அழகான காட்சி!