துஷ்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் நண்பனோட அப்பா தவறிட்டார். நாளைக் காலையில எடுக்கிறாங்க. மாலை வாங்கிட்டேன். கிளம்பும்போது அவன்கிட்ட சொல்லணுமா?

பதில்: வேண்டாங்க. ‘போயிட்டு வரேன்’னா இன்னொரு சாவுக்கு வர்ற மாதிரி ஆயிடும்னு பெரியவங்க பயப்படுவாங்க. கையைப் பிடிச்சுட்டு பேசாம நகர்ந்துடுங்க.

பதில்: மாலையை விட சாப்பாட்டை யோசிங்க. எடுக்கிற வரை அந்த வீட்ல அடுப்பு எரியாது. எங்கம்மா இறந்தப்போ எதிர்வீட்டு அக்கா தூக்குவாளியில காபி கொண்டுவந்து, விடிய விடிய அழுத என் தம்பிக்கு வற்புறுத்தி ஊத்திக் கொடுத்தாங்க. இன்னும் மறக்கலை. பிள்ளைகளுக்கும் சுகர் இருக்கிறவங்களுக்கும் இட்லி கட்டிட்டுப் போங்க.

பதில்: திரும்பினதும் துணியை நனைச்சுப் போட்டுட்டு தலைக்குக் குளிங்க. ஐஸ்பெட்டி இல்லாத காலத்துச் சுத்தம் அது. 16ஆம் நாள் காரியத்துக்கும் போங்க.

கேட்டவர்: இட்லிக்குச் சொல்லிட்டேன். நன்றி.