புதுப்பிப்பு: நலமானவர்களின் ரத்தத்தில் ஐஎல்-8 ஏறிக் காட்டியது, காரணம் கிடைத்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. நோயே இல்லாதவர்களின் மாதிரியிலும் எலைசாவில் (எதிர்ப்பொருள் கொண்டு புரத அளவைக் காணும் சோதனை) ஐஎல்-8 (அழற்சியின்போது செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்) தாறுமாறாக ஏறுகிறது, கிட் பழுதா என்று கேட்டிருந்தேன். கிட்டில் குறையில்லை. "எடுத்த ரத்தம், பிளாஸ்மாவை (செல்கள் நீங்கிய திரவப் பகுதி) பிரிக்க மையவிலக்கில் சுழற்றும் வரை எவ்வளவு நேரம் கிடக்கிறது?" என்று கேட்டவர் சரியான இடத்தைத் தொட்டார்.

ஒரே ஆளிடம் ஒரே குத்தில் நான்கு இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய்கள் எடுத்து, அறை வெப்பத்தில் வைத்து, 30 நிமிடம், 2, 4, 6 மணி நேரத்தில் ஒவ்வொன்றாகச் சுழற்றினோம். ஐஎல்-8 படிப்படியாக ஏறியது; சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இன்னொரு புரதம்) அசையவில்லை. வெள்ளணுக்கள் குழாய்க்குள்ளும் உயிரோடிருந்து ஐஎல்-8 சுரக்கின்றன. சிஆர்பி கல்லீரல் சரக்கு, குழாய்க்குள் அது அதிகரிக்க வழியில்லை.

இப்போது எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, 30 நிமிடத்துக்குள் 4 டிகிரியில் 1,500 ஜி (புவியீர்ப்பைப் போல் 1,500 மடங்கு விசை), 10 நிமிடம் சுழற்றுகிறோம். சுழற்றியதும் நடுவில் படியும் வெள்ளணு அடுக்குக்கு மேல் அரை சென்டிமீட்டர் பிளாஸ்மாவை விட்டுவிட வேண்டும். ஆசைப்பட்டு உறிஞ்சினால் செல்களும் வந்துவிடும், உறைந்து உடைந்து அளவைக் கெடுக்கும். 200 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல். உருகியதை மறுபடி உறைய வைப்பதில்லை.

எதிர்பாராதது ஒன்று: தெரிந்த அளவு ஐஎல்-8 சேர்த்துப் பார்த்தால், நீர்க்காத பிளாஸ்மாவில் சேர்த்ததில் 80 சதவீதம்கூட அளவீட்டில் மீளவில்லை. கிட்டின் கரைசலில் பாதியாக நீர்த்ததும் ஏற்கத்தக்க 80–120 சதவீத வரம்புக்குள் வந்தது. ஸ்டாண்டர்டையும் (ஒப்பிட்டு அளக்க வைக்கும், அளவு தெரிந்த ஐஎல்-8) அதே கரைசலில்தான் கலக்க வேண்டும்.

பழைய மாதிரிகளில் சுழற்றிய நேரம் குறிக்கப்படவில்லை. அவற்றின் ஐஎல்-8 அளவைத் தூக்கிப் போட்டாயிற்று, சிஆர்பியை வைத்துக்கொண்டோம்.